உதடு பார்க்கும் விளக்கு

அந்தத் தொழிற்சாலையில், வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. நல்ல பெரிய கண்ணாடி. முகம் பார்க்க அல்ல, உதடு பார்க்க. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவன் எவனாக இருந்தாலும் அதன் முன்னால் நின்று, கீழுதட்டை விரலால் மடித்துக் காட்டிய பிறகுதான் வாசலைத் தாண்ட முடியும்.

அங்கே தயாரானது அனிலின். சாயத்துக்கும் ரப்பருக்கும் மருந்துக்கும் அடிப்படையான சரக்கு. வடித்த உடனே தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நாலு நாள் வெளிச்சம் பட்டால் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். வாசனை அழுகின மீன். எண்ணெய்ப் பசையோடு இருப்பதால் தொழிலாளர்கள் அதை ‘எண்ணெய்’ என்றே சொன்னார்கள். உடம்புக்குள் போக அதற்கு வாயோ மூக்கோ வேண்டியதில்லை, தோலே போதும். எரியாது, கொப்பளிக்காது. கூச்ச சுபாவமுள்ள விருந்தாளி மாதிரி சத்தமில்லாமல் உள்ளே வந்து ரத்தத்தில் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்துவிட்டால் ரத்தத்துக்கு மூச்சுக்காற்றைச் சுமக்கத் தெம்பிருக்காது. முதலில் உதடு நீலமாகும். அப்புறம் நகம். அப்புறம் தலைவலி, ஒரு கிறக்கம். அதற்கு அப்புறம் என்ன ஆகும் என்பதை டாக்டர்கள்தான் சொல்வார்கள். பட்டவர்கள் வந்து சொன்னதில்லை.

தன் உதட்டைத் தானே பார்த்துச் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தன் உதடு பவளம் என்றுதான் எவனும் சொல்வான். அதனால் ஆளுக்கு ஒரு ஜோடி. ஜோடியின் உதட்டைப் பார்த்து ‘சிவப்பு’ என்றோ ‘நீலம்’ என்றோ உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜையில் இருக்கிற நர்ஸம்மா அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். நீலம் என்றால் ஓய்வறையில் அரை மணி நேரம் உட்கார வைத்து, விரலில் குத்தி ரத்தம் பார்ப்பார்கள். ஜோடியும் கூடவே உட்கார வேண்டும். அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். பஸ் போய்விட்டால் மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடை.

அந்தக் கண்ணாடிக்கு மேலே எரிந்த பழைய குழல்விளக்குக்குப் பொறுப்பானவன் எலெக்ட்ரீஷியன். இருபத்தொன்பது வயது. ஒரு ஜோக்கை இன்று சொன்னால் நாளைக்குச் சிரிப்பவன். குணமும் தொழிலும் இப்படிப் பொருந்தி வந்ததால் அவனுக்கு டியூப்லைட் என்று பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவனுடைய அக்காவின் கணவர், அவன் மாமா, அதே தொழிற்சாலையில் பம்ப் ஆபரேட்டர். மாமாவின் ஜோடிக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவே எல்லோரும் அவரை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டார்கள்.

விளக்கு மாறியதற்கு மூலகாரணம் மாப்பிள்ளைதான்.

“டேய் டியூப்லைட்டு, அந்த லைட்டை எந்தச் சவக்கிடங்குலேர்ந்து கழட்டிட்டு வந்த?” என்று ஒருநாள் அவன் பணிமனைக்கே வந்துவிட்டார். “இந்த வாரம் மூணு தடவை என்னை நீலம்னு உக்கார வச்சுட்டாங்க. மூணு தடவையும் ரத்தத்துல ஒண்ணும் இல்ல. பஸ்ஸும் இல்ல.”

“வெள்ளை லைட்டுண்ணே. அதுல அப்படித்தான் தெரியும்.”

“பொறந்த குழந்தையைக் காட்டினாலும் ரெண்டு நாள் அட்மிட் பண்ணச் சொல்லும் உன் லைட்டு. மனுஷனை மனுஷனா காட்டற மாதிரி ஒண்ணு மாட்டுடா.”

கூட வந்த மாமாவும் சேர்ந்துகொண்டார். “மாட்டித் தொலையேன்டா. இவன் முகரைக்காக நானும் தினம் மூணு கிலோமீட்டர் நடக்கறேன். உங்க அக்கா நான் எங்க சுத்திட்டு வர்றேன்னு கேக்கறா.”

அவன் அன்றைக்கே சிரிக்கவில்லை, ஆனால் மறுநாள் விளக்கை மாற்றிவிட்டான். நகைக்கடைகளில் போடுகிற இளமஞ்சள் விளக்கு. அதன் கீழே கவரிங்கும் தங்கமாகத் தெரியும். மாப்பிள்ளை முதல் ஆளாகப் போய் நின்று, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இப்பத்தான்டா நான் மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்,” என்றார். “இந்த லைட்டைக் கழட்டிக் குடு, பொண்ணு பாக்கப் போறப்ப தலைக்கு மேல பிடிச்சுக்கறேன்.”

புது விளக்குக்கு மின்சாரம் குறைவு. சூப்பர்வைசர் அதை ‘மின்சேமிப்பு நடவடிக்கை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அன்று முதல் யாருக்கும் உதடு நீலமாகவில்லை. அதையும் சூப்பர்வைசர் விடவில்லை. வாசலில் ஒரு பலகை வைத்தார்: ‘நீல உதடு இல்லாத நாட்கள்’. எண்ணை மட்டும் தினமும் சுண்ணக்கட்டியால் மாற்றி எழுதுவார். எல்லோரும் பஸ்ஸைப் பிடித்தார்கள். ஒரு தொழிற்சாலை முழுக்க ஒரே நேரத்தில் ஆரோக்கியமாகிவிட்டதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல செய்தியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

நாற்பத்தோராவது நாள் காலையில் ஒரு பம்பின் கழுத்தில் கசிவு. மாமாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினார்கள். தரையில் எண்ணெய் தேங்கியிருந்தது. போட வேண்டிய ரப்பர் பூட்ஸ் கிழிந்துபோய், புதியது கேட்டு எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருவரும் தங்கள் சொந்தத் தோல் ஷூவோடு அதில் நின்றார்கள். தோல் அதைக் குடித்தது. உள்ளே ஈரமாக இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் வாசனை போக வெந்நீரில் நன்றாகக் குளித்துவிட்டு, அதே ஷூவைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு டியூப்லைட் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தான். வருகைப் பதிவு இயந்திரத்தைத் திறந்து வைத்து உள்ளே நோண்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“தலை பாரமா இருக்குடா.”

“கல்யாணக் கவலைண்ணே.”

“அட, டியூப்லைட்டு ஜோக் அடிக்குது!” என்று மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போனது. “தேதியைக் குறிச்சு வைங்கப்பா யாராவது.”

பின்னாலேயே வந்த மாமா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கீழுதட்டைப் பார்த்தார். “சிவப்பு.” மாப்பிள்ளை மாமாவின் உதட்டைப் பார்த்தார். “சிவப்பு. ரோஜாப்பூ. வாடா, பஸ் போயிடும்.” நர்ஸம்மா எழுதிக்கொண்டார். டியூப்லைட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான். இருவருடைய உதடும் அப்படித்தான் இருந்தது, புகைப்படக்கடையில் வண்ணம் தீட்டிய மாதிரி.

நாலு மணிக்கு அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“டேய், கொஞ்சம் வர்றியா? உங்க மாமா குடிச்சிட்டு வந்திருக்கார்.”

“விட்டுத்தான் மூணு வருஷம் ஆச்சே.”

“அதான் எனக்கும் தெரியலடா. வாசனையைக் காணோம். ஆனா நாக்கு குழறுது. சட்டையைக்கூட மாத்தாம படுத்துட்டார். எழுப்பினா சிரிக்கிறார். நான் கேட்டா அழுதுடுவேன். நீ வந்து நாலு வார்த்தை கேளு.”

அனுமதி வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். அந்த நாலு வார்த்தையையும் வழியெல்லாம் தயார் செய்தான். ‘அக்கா முகத்தைப் பாத்தீங்களா’ என்பது முதல் வார்த்தை. அவனுக்குத் திருமண வயதாகியும் அந்த வீட்டில் ஒரு தட்டு எப்போதும் அவனுக்காக இருந்தது. அதை வைத்தவர் மாமா. அந்த உரிமையில் எவ்வளவு திட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனான்.

அறை இருட்டாக இருந்தது. மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வெளிச்சம் கண்ணில் குத்தி எழட்டும், குடித்தவனுக்கு அது ஒரு தண்டனை என்று டியூப்லைட் திரைச்சீலையை ஒரே இழுப்பில் திறந்தான். மாமா முனகிக்கொண்டே திரும்பினார். நாலரை மணி வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது.

உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கையின் நகங்கள், கதவிடுக்கில் நசுங்கியவை போல் இருந்தன.

தயார் செய்த நாலு வார்த்தையும் எங்கேயோ போயின. எல்லாமே தாமதமாகப் புரிகிறவனுக்கு இது மட்டும் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு இதே உதட்டைத்தான் அவன் ரோஜாப்பூவாகப் பார்த்தான். இரண்டு மணிக்கும் இந்த ஜன்னலுக்கும் நடுவே மாறியிருந்தது வெளிச்சம் மட்டும்தான்.

“அக்கா, பக்கத்து வீட்ல கார் இருக்கா கேளு. ஓடு. அவர் குடிக்கல.”

மருத்துவமனையில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார், விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பைப் போட்டார். கிளிப் எண்பத்தைந்து என்று காட்டியது. கால் மணி நேரம் போயும் அது அசையவில்லை, உதடும் மாறவில்லை. எங்கே வேலை என்று கேட்டுவிட்டு உடனே தொழிற்சாலைக்குப் போன் போட்டார். கையில் ஊசி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்து மேஜைமேல் வைத்தார். சூப்பர்வைசரின் குரல் அறையெல்லாம் கேட்டது.

“இன்னிக்குப் பதிவேடு என் முன்னாடிதான் இருக்கு மேடம். ரெண்டு மணிக்கு சிவப்பு. ஜோடி பாத்திருக்கார், நர்ஸ் எழுதியிருக்காங்க. எங்ககிட்ட நாப்பத்தோரு நாளா நீலமே கிடையாது. பலகையே வச்சிருக்கோம்.”

டாக்டர் யோசித்தார். “அப்ப அதுவா இருக்க முடியாது,” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். “நுரையீரல்ல அடைப்பா இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். அனிலின்னு உறுதியாத் தெரிஞ்சா அதுக்கு ஒரு ஊசி இருக்கு. ஆனா தப்பான ஆளுக்குப் போட்டா அதுவே ஆபத்து.”

அக்கா தலையாட்டினாள். டாக்டர் எது சொன்னாலும் அன்றைக்கு அவள் தலையாட்டியிருப்பாள்.

டியூப்லைட் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அக்காவுக்கு எதிரிலேயே, அவள் புருஷனை இந்தக் கட்டிலில் கிடத்தியவன் ஆகிவிடுவான் என்பதும் தெரிந்தது. மாமாவின் நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை.

“மேடம், அந்தச் சிவப்பு பொய்.”

“யார் பொய் சொன்னது?”

“லைட்டு,” என்றான். “நான் மாட்டின லைட்டு. அதுக்குக் கீழ எல்லா உதடும் சிவப்பாத்தான் தெரியும். நாப்பத்தோரு நாளும் அப்படித்தான். யாரையும் யாரும் சரியாப் பாக்கல.”

“டேய், யாருடா அது?” என்றது மேஜைமேல் இருந்த போன். “டியூப்லைட்டா?”

டாக்டர் போனைப் பார்க்கவில்லை. மாமாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பஞ்சுத்துணியில் விட்டார். காற்றுப் பட்டால் ரத்தம் சிவக்க வேண்டும். மூவரும் குனிந்து பார்த்தார்கள். அது சாக்லேட் நிறத்திலேயே இருந்தது.

ஊசி மருந்தைக் கொண்டுவந்தார்கள். பேனா மை போல அடர்ந்த நீலம். நீலமாகிப் போன மனுஷனுக்குள் நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று அக்கா மிரண்டு தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்திருந்தான்.

“சார், மாப்பிள்ளை எங்க?”

“அவன் அப்பவே வீட்டுக்குப் போயிட்டான். நீ முதல்ல என்ன உளறினேன்னு...”

“ரூமுக்கு ஆளை அனுப்புங்க சார். தனியா இருப்பார். இன்னிக்குக் காலை ஷிப்ட்ல இருந்த எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு வெயில்ல நிறுத்தி நர்ஸம்மாவைப் பாக்கச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன் சார்.”

ஆறு மணிக்குள் மாமாவின் உதட்டில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, “ஏன்டி எல்லாரும் சாவு வீடு மாதிரி நிக்கறீங்க?” என்றார். அக்கா அவர் தோளில் ஓர் அடி போட்டுவிட்டு, பிறகு அங்கேயே தலையைச் சாய்த்து அழுதாள். ஒரு நாள் இரண்டு நாளைக்குச் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். “அதுக்கும் யாராவது ஜோடி வந்து பாக்கணுமா?” என்று மாமா கேட்டார். அக்கா அழுகையோடு சிரித்தாள்.

நர்ஸம்மாவின் போன் வந்தபோது டியூப்லைட் வராந்தாவில் இருந்தான். இன்னும் ஒருவருக்கு லேசான நீலம், சேர்த்தாகிவிட்டது என்றார். பிறகு மாப்பிள்ளையின் ரூமைப் பற்றிச் சொன்னார்.

“கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுப்பா. உடைச்சுத்தான் போனாங்க. ஷூவைக்கூடக் கழட்டல. படுத்தவர் படுத்தபடி. நாலு மணிக்கு முன்னாடியே போயிருக்கும்னு சொல்றாங்க.”

நாலு மணிக்கு அவன் போனில் அக்காவின் குறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க யோசித்த அந்த அரை நிமிடம் மாப்பிள்ளையைக் கொல்லவில்லை என்று மனசுக்குள் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப் பார்த்தது. அவன் தாமதித்தது அரை நிமிடம் அல்ல, நாற்பத்தோரு நாள் என்று புரிந்ததும் அந்த ஆறுதல் வந்த வழியே போய்விட்டது. மாமாவின் முகத்தைப் பார்த்து ‘குடிச்சிருக்கார்’ என்று சந்தேகப்படவாவது ஓர் ஆள் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு இருந்தது ஜோடி மட்டும்தான். அந்த ஜோடியின் வேலை இரண்டு மணியோடு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் பழக்கூடையோடு வந்தார். மாமாவை நலம் விசாரித்துவிட்டு, டியூப்லைட்டை வராந்தாவின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“டாக்டர்கிட்ட சொன்னது சொன்னதா இருக்கட்டும். அது வைத்திய விஷயம். விசாரணைக்கு எழுதிக் குடுக்கறப்ப லைட்டைப் பத்தி எழுதாத. ஜோடி சரியாப் பாக்கலன்னு போச்சுன்னா எல்லாருக்கும் நல்லது.”

“ஜோடி எங்க மாமா சார்.”

“தெரியும்ப்பா. உயிர் பிழைச்சு வந்தவரை யாரு என்ன பண்ணப் போறா? ஒரு எச்சரிக்கைக் கடிதம். கண் பரிசோதனை. அவ்வளவுதான். உனக்கு வேலை, எனக்கு வேலை, அந்தச் சான்றிதழ் எல்லாம் அது அது இருந்த இடத்துல இருக்கும்.”

டியூப்லைட் அறைக்குத் திரும்பியபோது அக்கா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் நகைச்சுவை எதுவும் முகத்தில் இல்லை. மாப்பிள்ளை போன செய்தியை யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

“நான்தான்டா பாத்தேன்,” என்றார். “உதட்டை மடிச்சுக் காட்டினான். நல்லாத்தான் பாத்தேன். சிவப்புன்னு சொன்னேன். ராத்திரி பூரா அதே உதட்டைப் பாத்துட்டிருக்கேன். சிவப்பாத்தான்டா இருக்கு. எனக்குக் கண்ணு போயிடுச்சா? பஸ் போயிடும்னு அவசரத்துல சொல்லிட்டேனா?”

கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்தப் பாரம் மாமாவின் தலையிலேயே உட்கார்ந்துவிடும். எழுதுகிற காகிதத்திலும் அப்படியே ஏறிவிடும். யாரும் அதை இறக்கி வைக்கப் போவதில்லை.

“உங்க கண்ணு சரியா இருக்கு மாமா. நீங்க பாத்தது பாத்தபடிதான். நானும் பாத்தேன், எனக்கும் சிவப்பு. நான் மாட்டின லைட்டுல பொணம்கூட சிவப்பாத்தான் தெரியும்.” சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று உறைத்தது.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெந்நீரோடு வந்த அக்கா, இருவரையும் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அவனுக்கு அந்த லைட்டு ரொம்பப் பிடிச்சிருந்துதுடா,” என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்தபடியே.

“ஆமா மாமா.”

“எனக்கும்தான். நானும்தானே மாட்டச் சொன்னேன்.” மூச்சை இழுத்துக்கொண்டார். “எழுதிக் குடுத்துட்டியா?”

“இன்னும் இல்ல. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு.”

“போய் எழுது. நான் மாட்டச் சொன்னதையும் சேர்த்து எழுது. பூட்ஸ் வராததை விட்டுடாத. எழுதிட்டு வா. உன் மேல கோபப்படறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கறேன்.”

அவன் எழுதினான். இரண்டு பக்கம் வந்தது. சூப்பர்வைசர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இரண்டாவதைப் படிக்காமலே அவனை மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போகட்டுமா என்று டியூப்லைட் கேட்டான். அதை மறுக்கிற தைரியம் அந்த அறையில் யாருக்கும் இருக்கவில்லை.

கழித்துப்போட்ட சாமான்கள் கிடந்த அலமாரியில் பழைய குழல்விளக்கு தூசி படிந்து கிடந்தது. ஏணியைச் சாய்த்து மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. கீழே மேஜையில் இருந்த நர்ஸம்மா, பலகையிலிருந்த எண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு வரிசை வந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே நீலமாகத் தெரிந்தார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஜோடியின் உதட்டைப் பார்த்தவன், ஜன்னல் பக்கம் இழுத்துப் போய் இன்னொரு தடவை பார்த்தான். “நீலம்,” என்றான் ஒருவன். “நீலமாத்தான் இருக்கும்போல,” என்றான் அடுத்தவன். பதினோரு பேர் நீலம். ஜோடிகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் விரலில் குத்திக்கொள்ள ஓய்வறைப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

வெளியே பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து கதவருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஏணியை மடித்துக்கொண்டு நின்றவனையும், பெஞ்சுகளில் இருந்தவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் நின்றது. அன்றைக்குப் பஸ் காத்திருந்தது.